பவானியும் பரிசலும்

ஆறு என்னும் சொல்லுக்குத் தமிழில் வழி என்றும் ஒரு பொருள் உண்டு. நீர் செல்லும் நெறியே மக்கள் செல்லும் நெறியாகவும் பல நாடுகளில் அமைந்தது. ஆயின் கொங்கு நாட்டில், சிறப்பாகச் சத்தியமங்கலத்தைச் சூழ்ந்த பகுதியில், ஆறு வழியாக இருந்ததைவிட வழியை மறிக்கும் தடையாகவே மிகுதியும் இருந்தது. அத்தடையை வென்ற சிறு கலம் பரிசல். அதன் வரலாற்றைச் சிறிது எண்ணிப் பார்ப்போம்.

பவானி நீலகிரியில் தோன்றி, கேரளத்துள் புகுந்து, மீண்டும் தமிழகத்துக்குத் திரும்பும் ஆறு. மாயாறு அதனோடு வந்து கலக்கின்றது. கோடையில் இவ்வாறுகளில் பாறைகள் தலைதூக்கி நிற்கும். மலையில் மழை பொழிந்தாலோ சில நாழிகைக்குள் வெள்ளம் பெருகும். ஆழ்ந்த அடியையுடைய மரக்கலம் இங்கே பாறையில் மோதிச் சிதறும். எனவே இந்நீருக்கு ஏற்ற கலத்தை மக்கள் தாமே கண்டனர். மூங்கிலைப் பிளந்து வட்டக் கூடையாக முடைந்தனர். அதன் புறத்தே மாட்டுத்தோலைப் போர்த்தனர். தட்டையான அடி, முன்னும் இல்லை, பின்னும் இல்லை. பாறையில் உராய்ந்தால் வளைந்து கொடுக்கும். முழங்கால் அளவு நீரிலும் மிதக்கும். நீரோட்டம் கீழே இழுக்கும் என்பதை அறிந்த பரிசல்காரர், சேர வேண்டிய துறைக்கு மேலே நின்றே கலத்தைச் செலுத்துவார். கரை சேர்ந்தபின் அதனைத் தலைமேல் கவிழ்த்துச் சுமந்து செல்லவும் இயலும்.

இவ்வகைக் கலம் நமக்கு மட்டும் உரியதன்று. கி.மு. 5ஆம் நூற்றாண்டினரான கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ், பாபிலோனுக்குச் சரக்கு ஏற்றிவந்த வட்டத் தோற்கலங்களைக் குறித்துள்ளார். கி.பி. 1520ஐ ஒட்டி விஜயநகரம் வந்த போர்ச்சுகீசியரான டொமிங்கோ பயஸ், துங்கபத்திரையில் கூடைக் கலங்கள் சுழன்று சுழன்று மக்களைக் கரை சேர்த்ததைக் கண்டு எழுதினார். கன்னட மக்கள் இதனை ஹரிகோலு என்பர்.

சத்தியமங்கலத்தில் ஆற்றைக் கடப்பது அரசுகளின் வெற்றி தோல்விகளோடும் பிணைந்திருந்தது. மைசூர் மேட்டுநிலத்திலிருந்து கொங்குச் சமவெளிக்கு இறங்குவோர் இங்கே பவானியைக் கடந்தாக வேண்டும். 1790ஆம் ஆண்டு செப்டம்பரில் திப்பு சுல்தானின் படை கஜலட்டிக் கணவாய் வழியே இறங்கி ஆற்றைக் கடந்தது; கர்னல் ஃபிளாய்டின் ஆங்கிலேயப் படை சத்தியமங்கலத்தில் போரிட்டுப் பின்வாங்க நேர்ந்தது. 1803ஆம் ஆண்டு மராட்டியப் போரின்போது, பிற்காலத்தில் வெல்லிங்டன் பிரபு எனப் பெயர் பெற்ற ஆர்தர் வெல்லெஸ்லி, தக்காணத்து ஆறுகளைக் கடக்கக் கூடைப் பரிசல்களையே செய்வித்தார். உழவரும் வணிகரும் ஏறிய எளிய கூடை, பெரும் படைக்கும் துணையாயிற்று!

1948இல் தொடங்கி 1955இல் நிறைவுற்ற பவானிசாகர் அணை இப்பகுதியின் தோற்றத்தையே மாற்றியது. மாயாறும் பவானியும் கூடும் இடம் நீர்த்தேக்கமாயிற்று. பழைய டணாயக்கன் கோட்டை நீருள் மறைந்தது. ஆறுகளின் மேல் பாலங்கள் எழுந்தன. பல துறைகளில் பரிசல் ஓய்ந்தது. தோல் போர்த்திய இடத்தில் பிளாஸ்டிக்கும் கண்ணாடி இழையும் வந்தன.

எனினும் பரிசலின் கதை முடிந்துவிடவில்லை. மாயாற்றின் அக்கரையிலுள்ள தெங்குமரகடா மக்கள், 21ஆம் நூற்றாண்டிலும் பேருந்திலிருந்து இறங்கிப் பரிசல் ஏறியே தம் ஊரை அடைந்தனர். வெள்ளம் பெருகினால் நோயாளி மருத்துவமனை சேர்வதும், விளைபொருள் சந்தை சேர்வதும் பரிசல்காரரின் துணிவைப் பொறுத்ததாயின. பாலம் வேண்டும் என்பது அவர்களது நெடுநாளைய வேண்டுகோள்.

மாணவர்களே, வரலாறு கோட்டைகளிலும் கல்வெட்டுகளிலும் மட்டும் தங்கியிருப்பதில்லை. கோட்டை நீரில் மூழ்கியது. கூடையோ மிதந்து நின்றது. மூங்கிலையும் தோலையும் கொண்டு ஆற்றின் இயல்பறிந்து கலம் சமைத்தவர்களின் பெயர்களை நாம் அறியோம். அவர்தம் அறிவோ, அடுத்த முறை நீங்கள் ஒரு பரிசலைக் காணும்போது உங்கள் கண்முன் நிற்கும்.