சட்டையின் நிறம் யாருடையது?

வெளிநாட்டிலிருந்து ஒருவர் காசு அனுப்புகிறார். கழகத்துக்குப் புது ஜேர்சி வருகிறது. பிரித்துப் பார்த்தால் நிறம் மாறியிருக்கிறது. மட்டக்களப்பின் எழுவான்கரை ஊர்களில் நான் கண்ட கழகங்கள் பலவற்றின் கதை இதுதான். மைதானத்தில் ஓடுகிற பெடியன் போட்டிருப்பது அனுசரணையாளரின் நிறம். கழகத்தின் நிறம் என்னவென்று கேட்டால், வேலியோரம் நிற்கும் ஐம்பது வயதுக்காரர் ஒருவர்தான் பதில் சொல்வார்.

களுதாவளையில் ஒரு கழகத்தின் நிர்வாக சபையில் பல வருடம் இருந்தவன் நான். நிறத்தைப் பற்றி அங்கே நடந்த வாதம் ஒரு மாதத்துக்கு மேல் நீண்டது. அந்த வாதத்துக்காகத் தேடி வாசித்ததையும் எங்கள் ஊரில் நடந்ததையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். இதே சிக்கலில் நிற்கும் வேறு கழகங்களுக்கு உதவலாம்.

சேரி பிரிந்த ஊர்கள்

இரண்டு பக்கமாகப் பிரிந்து நிற்கும் பழக்கத்தை எங்களுக்கு உதைபந்தாட்டம் சொல்லித் தரவில்லை. கண்ணகி வழிபாட்டோடு சேர்ந்த கொம்புமுறி விளையாட்டில் ஊரே வடசேரி, தென்சேரி என்று இரண்டாகிவிடும். தென்சேரி கண்ணகியின் பக்கம், வடசேரி கோவலனின் பக்கம். வைரம் பாய்ந்த வளைந்த மரக்கொம்புகள் இரண்டை ஒன்றோடொன்று கொழுவி, கயிறு பூட்டி, இரு சேரியாரும் இழுப்பார்கள். கொம்பு முறிந்த சேரி தோற்ற சேரி. வென்றவர்கள் முறியாத கொம்பை ஊர்வலமாகக் கொண்டுபோவார்கள். தோற்றவர்களைச் சீண்டிப் பாடுவதற்கென்றே பாட்டுகள் இருந்தன. இன்றைய மைதானக் கூச்சல் அவற்றுக்கு முன்னால் மிகவும் மரியாதையானது என்று பழைய ஆட்கள் சொல்வார்கள்.

சிங்கள மக்களிடமும் இதே விளையாட்டு அங்கெலிய என்ற பெயரில் உண்டு. அங்கே பக்கங்கள் உடுபில, யட்டிபில. யட்டிபில பத்தினியின் பக்கம், உடுபில அவள் கணவன் பாலங்கவின் பக்கம். இந்தத் தீவில் இரண்டு மொழிக்காரரும் ஒரே தெய்வத்துக்காக ஒரே விதமாகக் கட்சி பிரிந்திருக்கிறார்கள்.

எங்கள் வாதத்துக்கு இதில் முக்கியமான விடயம், சேரியை ஒருவர் கடையில் சட்டை எடுப்பதுபோல் தெரிவு செய்வதில்லை என்பது. அது குடும்பத்தோடு வருவது. மழை பொய்த்தாலும் நோய் பரவினாலும் அம்மனைக் குளிர்விக்க நடந்த சடங்கு இது என்பதால், எதிர்ச்சேரி இல்லாமல் காரியம் நடக்காது. தோற்கடிக்க ஆள் வேண்டும், அந்த ஆள் அடுத்த முறையும் வர வேண்டும்.

நிறம் வந்த வழி

இங்கிலாந்தில் உதைபந்தாட்டம் ஒழுங்குக்கு வந்த முதல் காலத்தில் ஒரே நிறச் சட்டை கட்டாயமாக இருக்கவில்லை. தொப்பி, கழுத்துப்பட்டி, காலுறை இவற்றைப் பார்த்துத்தான் தன் ஆளை அடையாளம் கண்டார்கள். 1888இல் தொடங்கிய ஃபுட்பால் லீக் 1890இல் ஒரு விதி போட்டது: இரண்டு கழகங்கள் ஒரே மாதிரி நிறத்தைப் பதிய முடியாது. அது சரிவராமல், ஒவ்வொரு கழகமும் மாற்று நிறத்தில் இரண்டாவது சட்டை வைத்திருக்க வேண்டும் என்று மாற்றினார்கள். நிறம் மோதினால் முதலில் சொந்த மைதானக்காரரே மாற்றினார்கள். 1921இலிருந்து வந்த அணி மாற்ற வேண்டும் என்றானது. விருந்தாளிக்கு விட்டுக்கொடுத்த அந்தப் பழைய விதிதான் எனக்குப் பிடிக்கும்.

இரண்டாவது சட்டை இல்லாவிட்டால் என்ன நடக்கும் என்பதற்கு 1978 உலகக் கிண்ணம் சாட்சி. ஆர்ஜென்டீனாவின் மார் டெல் பிளாட்டா நகரில் பிரான்சும் ஹங்கேரியும் விளையாட வந்தபோது இரு அணியினரிடமும் வெள்ளைச் சட்டை. கறுப்பு வெள்ளைத் தொலைக்காட்சியில் பிரித்துக் காட்ட வேண்டும் என்பதற்காகச் செய்த ஏற்பாடு குழம்பியதில் வந்த வினை. கடைசியில் கிம்பர்லி என்ற உள்ளூர்க் கழகத்தின் பச்சை வெள்ளைக் கோடு போட்ட சட்டையை இரவல் வாங்கிப் பிரான்ஸ் விளையாடியது. எங்கள் ஊர்ச் சுற்றுப்போட்டிகளில் இது சாதாரணம். உலகக் கிண்ணத்திலும் நடந்திருக்கிறது என்று அறிந்தபோது கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

உலகக் கிண்ணம் வந்தால் எங்கள் பக்கம் மரத்தில் கட்டப்படும் பிரேசில் கொடிகளுக்குப் பின்னாலும் ஒரு தோல்வி இருக்கிறது. 1950 ஜூலை 16 அன்று மரக்கானா மைதானத்தில் உருகுவேயிடம் தோற்றபோது பிரேசில் அணிந்திருந்தது வெள்ளை. தோல்வியின் பழி சட்டையிலும் விழுந்தது. 1953இல் ஒரு பத்திரிகை நாட்டுக்கொடியின் நிறங்களை வைத்துப் புதுச் சீருடைக்குப் போட்டி நடத்தியது. வென்றவர் அல்டீர் ஷ்லீ என்ற 19 வயது இளைஞர், உருகுவே எல்லையோர ஊரில் பிறந்தவர். மஞ்சள் சட்டையும் நீலக் காற்சட்டையும் அவர் வரைந்தவை. பிரேசிலின் அடையாளம் என்று உலகம் நினைக்கும் நிறம் ஒரு துக்கத்தை மறைக்க எடுத்த நிறம்.

இடம்பெயர்ந்தவர்களின் சட்டை

எங்களுக்கு நெருக்கமான கதைகள் இரண்டு.

முதலாவது கல்கத்தாவில். 1920 ஆகஸ்ட் 1 அன்று தொடங்கிய ஈஸ்ட் பெங்கால் கழகத்தின் நிறம் சிவப்பும் பொன்னும். 1947இல் வங்காளம் பிளந்தபோது கிழக்கிலிருந்து இலட்சக்கணக்கான அகதிகள் கல்கத்தாவுக்கு வந்தார்கள். வீடு போனது, காணி போனது, பேச்சு வழக்கைக் கேட்டு நகரத்தவர் சிரித்தார்கள். அவர்கள் கூட்டமாக நின்று சத்தம் போடக்கூடிய இடம் அந்தச் சிவப்பு பொன் கொடியின் கீழ்தான் இருந்தது. எதிரே 1889இல் தொடங்கிய மோகன் பாகான், பச்சையும் மெரூனும். 1911இல் வெறுங்காலோடு விளையாடிப் பிரித்தானியப் படைப்பிரிவு அணியை வென்ற கழகம். ஈஸ்ட் பெங்கால் வென்றால் இல்லிஷ் மீன், மோகன் பாகான் வென்றால் இறால் என்று சந்தையில் மீன்கூடப் பக்கம் பிரிந்தது. ஆனால் 2024 ஆகஸ்டில், ஒரு பெண் மருத்துவர் கொல்லப்பட்டதற்கு நீதி கேட்ட போராட்டங்களின் நடுவே இந்த இரு அணிகளின் போட்டி இரத்துச் செய்யப்பட்டபோது, இரு கழக ரசிகர்களும் மைதானத்துக்கு வெளியே ஒன்றாக நின்றார்கள். இரண்டு கொடிகளும் ஒரே வீதியில்.

இரண்டாவது சிலியில். அங்கே குடியேறிய பலஸ்தீனியர்கள் 1920இல் சந்தியாகோவில் தொடங்கிய கழகம் பலஸ்தீனோ. சட்டையில் பலஸ்தீன நிறங்கள். 1955இலும் 1978இலும் சிலியின் சம்பியன். 2014 ஜனவரியில் முதுகில் உள்ள 1 என்ற இலக்கத்தைப் பழைய பலஸ்தீன வரைபட வடிவில் அச்சடித்தார்கள். முறைப்பாடு போனது, தண்டம் விதிக்கப்பட்டது, இலக்கத்தை மாற்றச் சொன்னார்கள். கழகம் மாற்றியது. நிறம் மட்டும் அப்படியே இருக்கிறது.

புலம்பெயர் தமிழர்களும் இப்படியொரு அணியோடு 2012இல் ஏர்பிலிலும், 2014இல் சுவீடனின் ஒஸ்டர்சுண்டிலும், 2018இல் லண்டனிலும், ஃபிஃபாவில் இடமில்லாதவர்களின் கிண்ணங்களில் விளையாடினார்கள். அங்கே அணிகிற நிறத்தை இங்கே அதே மாதிரி அணிய முடியாது. சிவப்பும் மஞ்சளும் சேர்ந்தால் என்ன கேள்வி வரும் என்பது இங்குள்ளவர்களுக்குத் தெரியும். நினைவேந்தல் நாட்களில் அந்தக் கொடிகளை அவிழ்க்கச் சொன்ன செய்திகளை வாசகர்கள் எத்தனையோ முறை படித்திருப்பார்கள். கல்கத்தாவில் மீன் கதையாக இருப்பது இங்கே விசாரணைக் கதை.

பச்சை போன கதை

எங்கள் கழகத்தின் முதல் நிறம் பச்சை. வெற்றிலைப் பச்சை என்று சொல்வார்கள். களுதாவளை வெற்றிலைக்குப் பேர்போன ஊர், எழுபதுகளில் கழகம் தொடங்கியவர்களில் பாதிப்பேர் கொடிக்கால் வைத்திருந்தவர்கள். துணி எடுத்து ஊர்த் தையற்காரரிடம் தைத்து, வெள்ளைச் சாயத்தால் இலக்கம் எழுதினார்கள்.

1990க்குப் பின்னர் பச்சை ஆபத்தான நிறமானது. கரும்பச்சையோ வரி போட்ட துணியோ கொடியில் காயக்கூடாது. சுற்றிவளைப்பில் வீடு சோதித்தால், ஒரே மாதிரிச் சட்டை இரண்டு இருந்தாலே கேள்வி. வாவிக்கு இந்தப் பக்கம் ஒரு கட்டுப்பாடு, படுவான்கரையில் இன்னொரு கட்டுப்பாடு என்று 2007 வரை பல வருடங்கள் போயின. குருமண்வெளித் துறையால் மண்டூர்ப் பக்கம் ஒரு போட்டிக்குப் போவதென்றால் பதினொரு சட்டையையும் ஒரு பையில் கொண்டுபோக முடியாது. ஆளுக்கொரு பையில் ஆளுக்கொரு சட்டை, அதுவும் வெள்ளை, பள்ளிக்கூடச் சட்டை மாதிரி. பழைய பச்சைச் சட்டைகளைச் சிலர் எரித்தார்கள், சிலர் வளவுக்குள் தாட்டார்கள். இப்படித்தான் எங்கள் கழகம் வெள்ளைக் கழகமானது. பிறகு வந்த பிள்ளைகள் வெள்ளைதான் பாரம்பரியம் என்று நினைத்தார்கள்.

போன முறை புதுச் சட்டைக்கு வெளிநாட்டிலிருந்து காசு வந்தபோது, அனுப்பியவரின் கடை நிறமான செம்மஞ்சளில் அடிக்கலாமா என்று கேட்கப்பட்டது. அவர் கெட்ட மனிதர் அல்ல. கடல்கோளின் பின்னர் கழகத்துக்குப் பந்து வாங்கித் தந்தவரும் அவர்தான். இளைஞர்கள் நீலம் கேட்டார்கள். பழையவர்கள் பச்சை என்றார்கள். பச்சை புல்லோடு கலந்துவிடும், பாஸ் கொடுக்கத் தெரியாது என்றான் ஒரு பெடியன். அவன் சொன்னதிலும் நியாயம் உண்டு: 1996 ஏப்ரலில் மன்செஸ்டர் யுனைட்டெட் சாம்பல் சட்டையில் சௌதாம்ப்டனிடம் முதல் பாதியில் 3–0 எனப் பின்தங்கி, ஆள் தெரியவில்லை என்று இடைவேளையில் சட்டை மாற்றியது. அதற்கு ஒரு மூத்தவர் கேட்டார்: “தம்பி, எங்கட மைதானத்தில புல்லு எங்க கிடக்கு?”

காசு தருபவர் நிறத்தை மாற்றலாமா என்பதற்கு இரண்டு உதாரணங்களைக் கூட்டத்தில் சொன்னேன். வேல்சின் கார்டிஃப் சிட்டி, நீலப் பறவைகள் என்ற பட்டப்பெயர் கொண்ட கழகம். 2012இல் உரிமையாளர் சட்டையைச் சிவப்பாக்கினார். ரசிகர்கள் விடவில்லை, 2015 ஜனவரியில் நீலம் திரும்பியது. ஒஸ்திரியாவின் சால்ஸ்பேர்க்கில் 2005இல் ஒரு பான நிறுவனம் கழகத்தை வாங்கி, ஊதா வெள்ளையைக் கைவிட்டது. ஊதாவைக் கேட்டவர்களுக்குக் கோல்காப்பாளரின் காலுறையில் வேண்டுமானால் போடலாம் என்று பதில் வந்தது. ரசிகர்கள் பிரிந்துபோய் அதே ஊதா நிறத்தில் வேறு கழகம் தொடங்கி, ஏழாம் பிரிவிலிருந்து விளையாடினார்கள். வாங்கிய கழகம் கிண்ணங்களாக அடுக்கியது. பிரிந்தவர்கள் அதில் பாதிகூடப் போகவில்லை. இந்தப் பகுதியை மறைத்தால் வாதம் நேர்மையாக இருந்திருக்காது.

ஆனால் கூட்டத்தைத் திருப்பியது என் பேச்சல்ல. 1990இல் பிடித்துக்கொண்டு போகப்பட்டு இன்றுவரை வராத எங்கள் விளையாட்டு வீரர் ஒருவரின் தாய், 7ஆம் இலக்கப் பச்சைச் சட்டையைப் பெட்டிக்குள் வைத்திருக்கிறா. அவர் பெயரில் ஞாபகார்த்தக் கிண்ணம் வைக்கலாமா என்று முன்பொரு முறை கேட்டபோது மறுத்துவிட்டா. செத்தவர்களுக்குத்தானே ஞாபகார்த்தம் என்றா. நிறத்தைப் பற்றிக் கதைக்கிறோம் என்று கேள்விப்பட்டு, சட்டையைப் பேப்பரில் சுற்றி மகளிடம் கொடுத்தனுப்பினா. வந்திருந்த இளைஞர்களில் பலர் கழகத்தின் பச்சையைக் கண்ணால் கண்டது அன்றுதான்.

முடிவு இப்படி எழுதப்பட்டது. சட்டை பச்சை, கழுத்துப்பட்டி வெள்ளை. வெள்ளையை விட வேண்டாம் என்றவர்கள் யுத்த காலத்தில் விளையாடியவர்கள், அவர்கள் கேட்டது சரிதான். காசு தந்தவரின் கடைப்பெயர் கையில், செம்மஞ்சள் எழுத்தில். அவர் சம்மதித்தார், கொஞ்சம் மனவருத்தத்தோடுதான். கழக யாப்பில் ஒரு வரி சேர்த்தோம்: நிறத்தை மாற்றப் பொதுக்கூட்டத்தில் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும், நிர்வாக சபை தனியே மாற்ற முடியாது. விளையாட்டுக் கழகமாகப் பதிந்திருப்பவர்கள் தங்கள் யாப்பை எடுத்துப் பாருங்கள், நிறத்தைப் பற்றி ஒரு சொல்லும் இல்லாதிருக்கலாம். மாற்றுச் சட்டையின் நிறத்தையும் எழுதி வையுங்கள்.

7ஆம் இலக்கம் யாருக்கும் கொடுக்காமல் விடுவதா என்று கேட்க ஆளனுப்பினோம். யாராவது போட்டு ஓடட்டும் என்று பதில் வந்தது.

அச்சடிப்பவரிடம் போகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. இப்போது வரும் பொலியெஸ்டர் ஜேர்சிகளில் சாயத்தைச் சூட்டோடு நூலுக்குள் ஏற்றுகிறார்கள், பழைய றப்பர் அச்சுப்போல் துவைத்தால் வெடிக்காது. ஆனால் நிறத்தைத் தொலைபேசிப் படத்தில் காட்ட வேண்டாம். ஒவ்வொரு திரையிலும் பச்சை வேறுவேறாகத் தெரியும். துணியையே கொண்டுபோய்க் கொடுங்கள். எங்களுடைய பழைய சட்டை வெளுத்துப் போயிருந்தது. அச்சகத்தில் இருந்தவர் அதன் கீழ்மடிப்பை மெல்லப் பிரித்து, வெயில் படாத உட்பக்கத்தில் இருந்து நிறத்தை எடுத்தார்.