மரக்காணம் – கிளியனூர் நிலப்பகுதி

விழுப்புரம் மாவட்டத்தின் கிழக்கோரத்தில், வங்கக்கடலுக்கும் திண்டிவனம் – புதுச்சேரி சாலைக்கும் இடைப்பட்ட நிலம். கரையில் மணல்மேடு, அதன் பின்னே உப்பங்கழியும் உப்பளங்களும், அடுத்துக் கழுவேலி ஏரி, அதற்கும் மேற்கே ஏரிப்பாசனத்தை நம்பிய கிளியனூர்ப் பக்கம் என்று ஒரு நாள் நடைக்குள் மண் பலமுறை மாறிவிடுகிறது.

இம்மாற்றத்தைப் பழங்காலத்திலேயே எழுதிவைத்தது சங்க நூலான சிறுபாணாற்றுப்படை. ஓய்மாநாட்டு மன்னன் நல்லியக்கோடனிடம் செல்லும் பாணனுக்கு அது மூன்று ஊர்களைக் காட்டுகிறது: நெய்தலில் எயிற்பட்டினம், முல்லையில் வேலூர், மருதத்தில் ஆமூர். எயிற்பட்டினத்தை மரக்காணமாகவும் வேலூரைக் கிளியனூரை அடுத்த உப்புவேலூராகவும் ஆய்வாளர் பலர் கொள்வர். ஊருக்கு ஊர் விருந்து மாறுவதுதான் சுவையானது. கடற்கரையில் சுட்ட மீன், முல்லையில் புளிச்சோறும் ஆமான் இறைச்சியும், மருதத்தில் வெண்சோறும் நண்டும். நிலநூல் எழுதியவர்கூட இவ்வளவு சுருக்கமாகச் சொல்லியிருக்க மாட்டார்.

நிலம் உணவை மட்டுமல்ல, வணிகத்தின் திசையையும் மாற்றும். கிரேக்கத்தில் மலைகள் விளைநிலத்தைக் குறுக்கின. தானியம் தேடி மக்கள் கப்பலேறினர். கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட 'பெரிப்ளூஸ்' என்னும் கடல்வழி நூல் இக்கரையின் சோபத்மா என்னும் துறையைக் குறிக்கிறது. அது மரக்காணமே என்பாரும் உண்டு. ஆனால் கிரேக்கத்தைப் போலன்றி, இங்கு நெல் முதுகுப்புறத்திலேயே விளைந்தது. எனவே உப்பு கடலை நோக்காமல் உள்நாட்டை நோக்கிப் போயிற்று. உப்பு வணிகரான உமணர் அதை வண்டியேற்றிச் சென்று நெல்லுக்கு மாற்றினர்.

உப்பு விளைய உவர்நீர் மட்டும் போதாது. நீரை உறிஞ்சாத களிமண்ணும் நீண்ட வெயிலும் வேண்டும், இரண்டும் இங்குண்டு. மண்ணை மிதித்து இறுக்கிப் பாத்தி கட்டி, நீரைப் பாத்திக்குப் பாத்தி மாற்றிச் சுண்டவிட்டு, படிந்ததைப் பலகையால் வாரிக் குவிக்கின்றனர். தை பிறந்த பின் தொடங்கும் வேலை ஐப்பசி மழையோடு நின்றுவிடும். மழை மாதங்களில் அளத்துத் தொழிலாளிக்குக் கூலியில்லை.

ஆங்கிலேயர் காலத்தில் உப்புக்கு நீர்வழியும் கிடைத்தது. 1876–78 பஞ்சத்தின்போது நிவாரண வேலையாக நீட்டிக்கப்பட்ட பக்கிங்காம் கால்வாயின் தென்கோடி மரக்காணம். பின்னர் சாலை, ரயில் போட்டியால் படகுகள் ஓய்ந்தன.

கழுவேலியின் கதை வேறு. மேற்கேயுள்ள ஏரிகளின் உபரிநீர் இதில் வடிகிறது. எடையன்திட்டு முகத்துவாரம் வழியே கடல்நீரும் ஏறுகிறது. அளக்காரர் தேடும் அதே உப்பு, வயற்காரருக்குக் கேடு. வலசைப் பறவைகள் கூடும் இவ்வேரி 2021 டிசம்பரில் சரணாலயமாகவும், 2024இல் ராம்சார் ஈரநிலமாகவும் அறிவிக்கப்பட்டது.