கஞ்சித்தொட்டிக்கு வழி

எரியோட்டிலிருந்து கிளம்பி, கையில் காசில்லாமல் சென்னையில் போய் இறங்குகிறீர்கள் என்று வையுங்கள். முதலில் எதை விசாரிப்பீர்கள்? வேலையையா, தங்க இடத்தையா? அடிபட்டவன் சோறு எங்கே கிடைக்கும் என்றுதான் கேட்பான்!

1780-க்குப் பிறகு கிராமத்து ஜனங்கள் கூட்டம் கூட்டமாக அப்படித்தான் சென்னைக்குள் நுழைந்தார்கள். காரணமான ஆள் எரியோட்டுக்குப் புதியவர் அல்ல... 1755-ல் பக்கத்துத் திண்டுக்கல்லுக்கு ஃபௌஜ்தாராக வந்து, அங்கிருந்து மளமளவென்று மேலே ஏறிய ஹைதர் அலிதான்! ஆற்காட்டுச் சீமைக்குள் புகுந்த அவருடைய படை, கும்பெனிக்கு ஒரு பிடி தானியம்கூட மிஞ்சக் கூடாது என்று ஊர்களையும் வயல்களையும் கொளுத்தியது. (காய்ந்ததென்னவோ குடியானவன் வயிறுதான்!) போதாததற்கு, 1782 அக்டோபர் புயலில் சென்னைக் கடலில் நின்ற அரிசிக் கப்பல்களும் மூழ்கின.

நகரத்துக்குள் வந்தவனுக்கு யாரைத் தெரியும்? சொந்தமில்லை, சாதிசனமில்லை. தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது ஒரே ஒரு விலாசம். கோட்டைக்கு வடக்கே, 1782-ல் பஞ்ச நிவாரணமாகத் திறந்த கஞ்சித்தொட்டி. மணியக்காரர் ஒருவர் மேற்பார்த்ததால் மணியக்காரர் சத்திரம். வெள்ளைக்காரர்கள் வாயில் அந்தப் பெயர் நசுங்கி 'மானிகர்' ஆனது!

பசியோடு வந்தவர்களில் பலர் நோயாளிகள். கஞ்சி மட்டும் போதுமா? 1799-ல் ஜான் அண்டர்வுட் என்ற டாக்டர் அங்கே ஓர் ஆஸ்பத்திரி தொடங்கினார். இன்றைய ஸ்டான்லி மருத்துவமனையின் ஆரம்பம் அதுதான். போர்டில் ஸ்டான்லி என்றுதான் இருக்கும். ஆனால், வடசென்னைப் பெரியவர் யாரிடமாவது, 'கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரிக்கு எப்படிப் போகணும்?' என்று கேட்டுப் பாருங்கள்... சட்டென்று கையை நீட்டிக் காட்டுவார்.