இதயத் துடிப்பைத் தணித்த மருந்தும் அது கற்பித்த பாடங்களும்

மருந்து நோயைத் தீர்க்கும் பொருள் மட்டுமன்று. முறை தவறின் அதுவே நோயாகவும் மாறும். இவ்வுண்மைக்குச் சிறந்த சான்று, இதய நோயாளிகளுக்கு இன்று உலகெங்கும் வழங்கப்பெறும் 'பீட்டா தடுப்பு' மருந்துகளின் வரலாறாகும். அவற்றைத் தரும் மருத்துவர் கூறும் எச்சரிக்கைகள் பலவும், முன்னர் நோயாளிகள் பட்ட துன்பத்திலிருந்து பெறப்பட்டவை.

இருவகை வாயில்கள்

அச்சமோ சினமோ கடும் உழைப்போ நேரும்போது, அட்ரினலின் என்னும் சுரப்புநீர் குருதியிற் கலந்து இதயத்தை விரைந்து துடிக்கச் செய்கிறது. இதனை ஆராய்ந்த அமெரிக்க அறிஞர் ரேமண்ட் ஆல்குவிஸ்ட், அச்சுரப்பை ஏற்கும் வாயில்கள் உடலில் ஆல்பா, பீட்டா என இரு வகைப்படும் என்றும், இதயத்தைத் தூண்டுவது பீட்டா வாயிலே என்றும் 1948-ஆம் ஆண்டில் எழுதினார். அந்நாளில் அக்கருத்தைப் பொருட்படுத்தியவர் சிலரே.

அச்சிலருள் ஒருவர் ஸ்காட்லாந்து நாட்டினரான ஜேம்ஸ் பிளாக். 1924-இல் பிறந்த இவர், 1947 முதல் 1950 வரை சிங்கப்பூரில், ஏழாம் எட்வர்டு மன்னர் பெயரால் அமைந்த மருத்துவக் கல்லூரியில் விரிவுரையாளராகப் பணியாற்றியவர் என்பது இவ்வட்டாரத் தமிழர் அறியத்தக்க செய்தியாகும்.

உழைக்கும்போது இதயத்திற்குப் போதிய உயிர்வளி கிடையாமையால் வருவது மார்பு நெரிப்பு நோய். அதற்கு, இதயத்திற்குச் செல்லும் குருதியைப் பெருக்கும் வழியையே மருத்துவர் தேடிவந்தனர். பிளாக் மாற்றி எண்ணினார். வருவாயைப் பெருக்க இயலாத குடும்பத்தார் செலவைச் சுருக்குவதுபோல, இதயத்தின் வேலையைக் குறைத்தால் அதற்கு வேண்டிய உயிர்வளியும் குறையுமன்றோ? 1958-இல் இங்கிலாந்தில் ஐ.சி.ஐ. நிறுவனத்திற் சேர்ந்து, பீட்டா வாயிலை அடைக்கும் பொருளைத் தேடலானார்.

வெற்றியும் எச்சரிக்கையும்

முதலிற் கிடைத்த புரோனெத்தலால் பயன் தந்தது. ஆயினும் நெடுநாள் கொடுக்கப்பட்ட எலிகளுக்குக் கட்டிகள் தோன்றவே, அது கைவிடப்பட்டது. அதனினும் சிறந்த புரோப்ரனலால் பற்றிய செய்தி 1964-இல் வெளிவந்தது. ஆனால் அதே ஆண்டிலேயே, ஆஸ்துமா உள்ளோர்க்கு அது மூச்சுக்குழலை இறுக்கும் என்பதும் தெரியவந்தது. மூச்சுக்குழலை விரித்து வைப்பதும் பீட்டா வாயிலே. இதயத்தில் அதனை அடைக்கும் மருந்து, அங்கும் அடைத்துவிட்டது.

பீட்டா வாயிலும் இரு வகைப்படும் என 1967-இல் அறியப்பட்டது. இதயத்தையே பெரிதும் நாடும் மருந்துகள் அதன்பின் வந்தன. அவற்றுள் ஒன்றான பிராக்டலால், 1970-இல் பெருநம்பிக்கையோடு விற்பனைக்கு வந்தது. சில ஆண்டுகளில், அதனை உண்டோர் சிலருக்குத் தோல் தடித்தது, கண்ணீர் வற்றியது, சிலர் பார்வையையே இழந்தனர். விலங்குச் சோதனைகளில் இக்கேடு தென்படவில்லை. அம்மருந்து வழக்கொழிந்தது.

1975-இல் மற்றொரு பாடம் கிடைத்தது. புரோப்ரனலாலைத் திடீரென நிறுத்திய மார்பு நெரிப்பு நோயாளிகள் சிலருக்கு வலி முன்னிலும் கடுமையாகத் திரும்பியது, மாரடைப்பும் நேர்ந்தது, இறந்தவரும் உளர். நெடுநாள் அடைபட்டிருக்கும்போது உடல் பீட்டா வாயில்களைப் பெருக்கிக்கொள்கிறது. தடை ஒரே நாளில் நீங்கினால், அட்ரினலின் அவ்வாயில்கள் அனைத்தின் வழியாகவும் இதயத்தை மிகையாகத் தூண்டிவிடுகிறது.

நஞ்சென்றது நன்மருந்தானது

தளர்ந்த இதயத்திற்கு இம்மருந்து நஞ்சு என்றே நெடுங்காலம் கருதப்பட்டது. 1975-இல் சுவீடன் நாட்டு மருத்துவர் ஃபின் வாக்ஸ்டெய்னும் அவர்தம் குழுவினரும் இதற்கு மாறான அனுபவத்தை வெளியிட்டனர். 1999-இல் வெளியான ஓர் ஆய்வில் 2,647 நோயாளிகள் பங்கு கொண்டனர். பைசோப்ரலால் பெற்றோரில் நூற்றுக்கு 11.8 பேரும், பெறாதோரில் 17.3 பேரும் இறந்தனர். இம்மருந்து நாளொன்றுக்கு 1.25 மில்லிகிராமில் தொடங்கி, பொறுக்குமளவிற்கேற்பப் படிப்படியாக 10 மில்லிகிராம் வரை உயர்த்தப்பட்டது. சிற்றளவிற் தொடங்கி மெல்ல உயர்த்தும் முறையே நஞ்செனப்பட்டதை நன்மருந்தாக்கியது.

ஜேம்ஸ் பிளாக் 1988-இல் மருத்துவத்திற்கான நோபெல் பரிசை வேறிருவருடன் பகிர்ந்து பெற்றார், 2010-இல் மறைந்தார்.

இவ்வரலாறு நோயாளிக்குக் கூறுவது யாது? ஆஸ்துமா இருப்பின் மருத்துவரிடம் முன்னரே சொல்லவேண்டும். இனிப்புநீர் நோய்க்கு இன்சுலின் போடுவோர், சர்க்கரை தாழும்போது தோன்றும் படபடப்பை இம்மருந்து மறைத்துவிடும் என்பதை அறிந்து, வியர்வையையும் அடையாளமாகக் கொள்ளவேண்டும். தலை சுற்றினாலோ நாடி மிகத் தளர்ந்தாலோ மருத்துவரை நாடவேண்டும். எல்லாவற்றினும் மேலாக, உடல் நலமாயிருக்கிறதென்று மருந்தைத் தாமே நிறுத்தலாகாது. அந்நலம் மருந்தினால் வந்த நலமாகவும் இருக்கலாம். வெளியூர்ப் பயணத்திற்குத் துணிமணி எடுத்துவைக்குமுன், போதிய மாத்திரை இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வதே அறிவுடைமை.