ஷேக் ஸாயித்தும் ஏழு ஆட்சியாளரின் சமஷ்டியும்

சமஷ்டி என்ற சொல்லை நாம் 1949 முதல் உரத்துச் சொல்லி வருகிறோம். செல்வநாயகம் தமிழரசுக் கட்சியைத் தொடங்கிய ஆண்டு அது. கொழும்பின் காதில் அந்தச் சொல் பிரிவினை என்றே விழுந்தது. ஆனால் நம்மவர் பலர் உழைக்கப் போன வளைகுடாவில், கட்சியோ தேர்தலோ இல்லாத மண்ணில், ஆட்சியாளர்கள் சிலர் கூடி ஒரு சமஷ்டியை அமைத்தார்கள். ஐம்பது ஆண்டுகளைத் தாண்டியும் ஐக்கிய அரபு இராச்சியம் நிலைத்திருக்கிறது. அதன் முதல் ஜனாதிபதி ஷேக் ஸாயித் பின் சுல்தான் அல் நஹ்யானின் அரசியல் வாழ்வில் நாம் கவனிக்க வேண்டியவை உண்டு.

அபுதாபியின் ஆளும் குடும்பத்தில் 1922க்கும் 1928க்கும் இடையில் மூன்று ஆட்சியாளர்கள் குடும்பப் பகையில் கொல்லப்பட்டனர். ஸாயித்தின் தந்தை சுல்தானும் அவர்களில் ஒருவர். தாய் சலாமா, ஒருவர்மீது ஒருவர் ஆயுதம் தூக்குவதில்லை என்று தன் மகன்மார் நால்வரிடமும் வாக்கு வாங்கினார். 1928இல் மூத்தவர் ஷக்பூத் ஆட்சிக்கு வந்தார். 1946இல் ஸாயித் அல் ஐன் பாலைவனச் சோலைப் பகுதியின் பொறுப்பை ஏற்றார். தூர்ந்துபோன ஃபலஜ் எனும் நிலத்தடி வாய்க்கால்களைத் திருத்துவதிலும் கோத்திரங்களின் வழக்குகளைக் கேட்டுத் தீர்ப்பதிலும் அவர் அங்கே அரசியல் பழகினார்.

1958இல் அபுதாபியில் எண்ணெய் கண்டுபிடிக்கப்பட்டது. 1962இல் முதற் கப்பல் புறப்பட்டது. வந்த பணத்தைச் செலவிட ஷக்பூத் தயங்கினார். 1966 ஓகஸ்ட் 6ஆம் திகதி குடும்பத்தாரின் முடிவோடும் பிரித்தானியரின் ஆதரவோடும் தம்பி ஆட்சியை எடுத்துக்கொண்டார். இரத்தம் சிந்தவில்லை. நாட்டை விட்டு வெளியேறிய தமையன் பின்னர் திரும்பி வந்து, அல் ஐனில் வாழ்ந்து, 1989இல் இறந்தார்.

1968 ஜனவரியில், 1971 முடிவுக்குள் வளைகுடாவிலிருந்து படைகளை விலக்கிக்கொள்வதாகப் பிரித்தானியா அறிவித்தது. அபுதாபியும் டுபாயும் 1940களில் எல்லைக்காகச் சண்டையிட்ட அயலவர்கள். அப்படியிருந்தும் பெப்ரவரி 18ஆம் திகதி ஸாயித்தும் டுபாயின் ஷேக் ராஷித்தும் பாலைவனத்தில் சந்தித்து இணைய உடன்பட்டார்கள். அன்றே கடலெல்லைத் தகராறும் தீர்க்கப்பட்டது. எண்ணெய்க் கிணறுகள் இருந்த கடற்பரப்பு டுபாய்க்குப் போயிற்று. வலியவர் முதலில் விட்டுக்கொடுத்தார்.

ஒன்பது நாடுகளின் கூட்டாகத் தொடங்கிய பேச்சிலிருந்து பஹ்ரேனும் கட்டாரும் விலகின. 1971 டிசெம்பர் 2இல் ஆறு எமிரேட்டுகள் இணைந்தன; ராஸ் அல் கைமா 1972 பெப்ரவரியில் சேர்ந்தது. நிலப்பரப்பில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் அபுதாபியுடையது. இருந்தும் 40 பேர் கொண்ட ஆலோசனைச் சபையில் அது எடுத்துக்கொண்டது 8 இடங்கள் மட்டுமே. டுபாய்க்கும் 8; ஷார்ஜாவுக்கும் ராஸ் அல் கைமாவுக்கும் 6 வீதம்; சிறிய மூன்றுக்கும் 4 வீதம். நிலத்தடி வளம் அந்தந்த எமிரேட்டுக்கே சொந்தம். மத்திக்கு என்று எழுதிக் கொடுக்காத அதிகாரமெல்லாம் எமிரேட்டுகளிடமே இருக்கும்.

அதே காலத்தில் இலங்கையில் நடந்தது நமக்குத் தெரியும். சமஷ்டி யோசனை தோற்கடிக்கப்பட்ட பின் 1971 ஜூனில் தமிழரசுக் கட்சி அரசியல் நிர்ணய சபையை விட்டு வெளியேறியது. 1972 மே 22இல் ஒற்றையாட்சி அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்தது. இரண்டு நாடுகளும் சில மாத இடைவெளியில் எதிரெதிர்த் திசைகளில் நடந்தன. தேர்தலும் கட்சிகளும் நூலகங்களும் நிறைந்த நாடு, சிறியவனோடு அதிகாரத்தைப் பகிர மறுத்தது.

ஸாயித்தின் பாதையும் எளிதாக இருக்கவில்லை. மத்தியைப் பலப்படுத்த அவர் முயன்றபோது டுபாய் எதிர்த்தது. 1976இல் மறுபடி ஜனாதிபதியாக மாட்டேன் என்றார், இணங்கவைக்கப்பட்டார். 1979இல் நெருக்கடி முற்றியது. ராஷித் பிரதமர் பதவியை ஏற்க, பேச்சால் அது தணிந்தது. ஐந்தாண்டுக்கெனத் தற்காலிகமாக எழுதிய அரசியலமைப்பு நீட்டிக்கப்பட்டு நீட்டிக்கப்பட்டு 1996இல்தான் நிரந்தரமாயிற்று. 2004 நவம்பர் 2இல் அவர் இறக்கும்வரை எந்த எமிரேட்டும் பிரிந்து போகவில்லை.

இத்தோடு கதையை முடித்தால் நாம் நேர்மையாகச் சொன்னவர்களாக மாட்டோம். இது ஆளும் குடும்பங்கள் தமக்குள் செய்த உடன்பாடு. ஸாயித் வாழ்ந்தவரை ஆலோசனைச் சபைக்குத் தேர்தல் நடக்கவேயில்லை. அந்த நகரங்களைக் கட்டிய வெளிநாட்டுத் தொழிலாளிக்கு, அங்கேயே இருபது வருடம் உழைத்தாலும், விசா முடிந்தால் இடமில்லை. அகதிகளுக்கான 1951ஆம் ஆண்டின் சமவாயத்தில் அந்நாடு கையெழுத்திடவில்லை. 2012இல் நடுக்கடலில் மீட்கப்பட்டு டுபாய்க்குக் கொண்டுவரப்பட்ட நம்மவர்கள், திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்ற அச்சத்தோடு ஜெபல் அலியில் மாதக்கணக்காகக் காத்துக் கிடந்தார்கள்.

சமஷ்டி ஆட்சியாளர்களுக்கிடையே அதிகாரத்தைப் பங்கிடுகிறது. அந்த எல்லைக்குள் வாழும் எளியவருக்கு என்ன உரிமை என்பது தனியாகக் கேட்டு, தனியாக எழுதப்பட வேண்டிய ஒன்று. நமது தாயகத்துக்கு என்றாவது ஒரு சமஷ்டி வரையப்படுமானால், வலியவர் சிறியவருக்கு என்ன விட்டுக்கொடுக்கிறார் என்று நாம் கொழும்பைக் கேட்போம். அதே கேள்வியை 1990இல் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களும், வன்னியில் குடியேறிய மலையக மக்களும் நம்மிடம் கேட்பார்கள். அவர்களுக்கான பதிலை நாம் இப்போதே தேடத் தொடங்க வேண்டும்.