தகப்பன் மீன்

நான் பிரெஞ்சு வழியில் படித்தவன். பள்ளியில் சொல்லிக் கொடுத்த வரலாறு எல்லாம் ராஜாக்களும் போர்களும்தான். பியேர் கார்போனியே என்ற பெயரைப் பென்ஷன் வாங்கத் தொடங்கிய பிறகுதான் அறிந்தேன்.

1869இல் சீனாவிலிருந்து பாரிசுக்கு வந்த சில சிறு மீன்கள் இவர் கைக்குக் கிடைத்தன. இன்று பாரடைஸ் மீன் என்கிறோமே, அதுதான். கார்போனியே அவற்றை முட்டையிட வைத்து, கண்டதை எழுதியும் வைத்தார். ஆண் மீன் காற்றை விழுங்கி நீர்மட்டத்தில் நுரைக்கூடு கட்டும். பெண் இட்ட முட்டைகளை வாயால் பொறுக்கிக் கூட்டில் சேர்க்கும். பிறகு பெண்ணை விரட்டிவிட்டுத் தானே காவல் இருக்கும். நழுவி விழும் குஞ்சைக் கவ்வி மறுபடி கூட்டில் விடும். ஆனால் குஞ்சுகள் தாமாக நீந்தத் தொடங்கியபின் அதே தகப்பன் அவற்றைத் தின்றுவிடவும் கூடும். அதனால் வளர்ப்பவர்கள் அந்த நேரத்தில் அதை வேறு தொட்டிக்கு மாற்றிவிடுவார்கள்.

ஏஞ்சல் மீனில் தாய், தகப்பன் இரண்டுமே காவல் காக்கும். அப்படித்தான் கேள்விப்பட்டிருந்தேன். 1980களில் என் வீட்டு வராந்தாத் தொட்டியில் ஒரு ஜோடி இலைமேல் முட்டையிட்டது. காலையில் பார்த்தால் இலை காலி. மூன்று முறை இதே கதை. கோபத்தில் நாலாம் முறை இலையோடு எடுத்துத் தனித் தொட்டியில் வைத்தேன். பூஞ்சை பிடிக்காமலிருக்கக் கொஞ்சம் மெத்திலீன் புளூ, பக்கத்தில் காற்றுக் குழாய். இரண்டு நாளில் பொரிந்தன. நாற்பது குஞ்சுகள் தேறின. அலுவலகத்தில் பெருமையடித்துக் கொண்டேன்.

அவை வளர்ந்து ஜோடி சேர்ந்தன. அவையும் முட்டையைத் தின்றன! "பெற்றவளைப் பார்க்காத பிள்ளைக்குப் பாசம் எங்கிருந்து வரும்?" என்றாள் என் மனைவி. வெகுகாலம் நானும் அப்படியே நம்பினேன்.

இன்று வேறு விதமாக நினைக்கிறேன். முட்டையைத் தின்னும் ஜோடிக்கு இயற்கையில் வாரிசு மிஞ்சாது. அந்த வாரிசைக் காப்பாற்றிக் கொடுத்தவன் நான். அதைவிடப் பெரிய தப்பு ஒன்று உண்டு. ராத்திரி எழுந்து டார்ச் அடித்துப் பார்ப்பேன். மிரண்ட மீன் முட்டையை விழுங்காமல் என்ன செய்யும்?

டிஸ்கஸ் மீனில் இந்தத் தனித்தொட்டி வித்தை எளிதில் பலிக்காது. அதன் குஞ்சுகளுக்கு முதல் ஆகாரமே பெற்றோர் தோலில் சுரக்கும் வழுவழுப்புதான். ஹில்டெமன் என்ற அமெரிக்கர் 1959இல் இதை விளக்கி எழுதினார்.

கடைசியாக ஒரு ஜோடியின் தொட்டியைப் பழைய வேட்டியால் மூடி, டார்ச்சை அலமாரியில் வைத்துப் பூட்டினேன். பத்தாம் நாள் வேட்டியை விலக்கினால், தாயும் தகப்பனும் முன்னே போக, பின்னால் ஒரு சிறு கூட்டம். எண்ணினேன், பதினொன்றுதான். அந்த நாற்பதைப் பற்றி நான் அதிகம் பேசுவதில்லை. இந்தப் பதினொன்றைப் பற்றி இன்றும் யாராவது கேட்டால் காபி ஆறும்வரை சொல்வேன்.