சைலன்சருக்கு முன்னால் ஒரு சூளை

1995 ஏப்ரல் 1 முதல் டெல்லி, பம்பாய், கல்கத்தா, சென்னை ஆகிய நான்கு பெருநகரங்களிலும் புதிய பெட்ரோல் கார்களுக்குக் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் கட்டாயமானது. ஈயம் கலக்காத பெட்ரோலும் அந்நகரங்களின் பங்க்குகளுக்கு அப்போதுதான் வந்தது. வாகனப் புகையை எதிர்த்து வழக்கறிஞர் எம்.சி. மேத்தா 1985இல் உச்ச நீதிமன்றத்தில் தொடுத்த வழக்கின் தொடர்ச்சியாக வந்த மாற்றம் இது.

நம் மெக்கானிக்குகளுக்கு அது புது விருந்தாளி. எஞ்சினுக்கும் சைலன்சருக்கும் நடுவே ஒரு தகரப் பெட்டி. அதற்குள் தேன்கூடு போன்ற பீங்கான் கட்டி. அதன்மேல் பிளாட்டினம் போன்ற விலையுயர்ந்த உலோகங்களின் மெல்லிய பூச்சு. புகையில் வரும் கார்பன் மோனாக்சைடையும் எரியாத பெட்ரோல் ஆவியையும் எரித்து, கரியமில வாயுவாகவும் நீராவியாகவும் மாற்றுவது அதன் வேலை. எரிப்பதே வேலை என்பதால் சூடு அதன் பிறவிக் குணம். சுமார் 300 டிகிரி செல்சியஸுக்குக் கீழே அது சரியாக வேலையே செய்யாது. வழக்கமாக 400 முதல் 800 டிகிரி வரை இருக்கும்.

இதற்கு வித்திட்டவர் யூஜீன் ஹூட்ரி என்ற பிரெஞ்சுப் பொறியாளர். கச்சா எண்ணெயிலிருந்து நல்ல பெட்ரோல் பிரிக்கும் முறையைக் கண்டவர். அமெரிக்காவில் குடியேறிய பின், லாஸ் ஏஞ்சலஸ் நகரத்தின் புகைமூட்டம் பற்றிய செய்திகள் அவரை உறுத்தின. 1950களில் வாகனப் புகைக்கான கன்வெர்ட்டரை உருவாக்கிக் காப்புரிமையும் பெற்றார். ஆனால் அன்றைய பெட்ரோலில் ஈயம் இருந்தது. ஈயம் பிளாட்டினத்தின்மேல் படிந்து அதைச் செயலிழக்கச் செய்துவிடும். 1962இல் ஹூட்ரி மறைந்தபோது அவர் கருவி எந்தக் காரிலும் பரவலாக ஏறியிருக்கவில்லை.

1970இல் அமெரிக்கா தூய காற்றுச் சட்டத்தைக் கடுமையாக்கியது. 1975 மாடல் கார்களில் கன்வெர்ட்டர் வந்தது, கூடவே ஈயமில்லாத பெட்ரோலும் வந்தது. குழந்தைகளின் மூளையைப் பாதிக்கும் ஈயம் காற்றிலிருந்து குறையத் தொடங்கியதற்கு இந்தப் பெட்டியும் ஒரு காரணம்.

கூடவே புதுத் தலைவலியும் வந்தது. பெட்டி அளவுக்கு மீறிச் சூடானது. காய்ந்த புல்மேல் காரை நிறுத்தாதீர்கள் என்ற எச்சரிக்கை கார்க் கையேடுகளில் ஏறியது. ஜப்பானியர்கள் டாஷ்போர்டிலேயே புகைக்குழாய்ச் சூட்டைக் காட்டும் எச்சரிக்கை விளக்கை வைத்தார்கள். பெட்டிதான் கெட்டது என்று எல்லோருக்கும் தோன்றியது. உண்மை வேறு. பெட்டி தானாகச் சூடாவதில்லை, எஞ்சின் அனுப்பும் மிச்சத்தைத்தான் அது எரிக்கிறது. ஒரு பிளக் தீப்பொறி விடாவிட்டால் அந்தச் சிலிண்டரின் பெட்ரோல் அப்படியே வெளியேறிக் கன்வெர்ட்டருக்குள் போய் எரியும். அப்போது சூடு 1,000 டிகிரியைத் தாண்டலாம். 1,400 டிகிரிக்கு மேல் போனால் பீங்கானே உருகி வழியை அடைத்துவிடும்.

நம் ஊரில் இதைப் புரிந்துகொள்ளச் சில வருடங்கள் ஆயின. அன்று பெரும்பாலும் கார்பரேட்டர் எஞ்சின்கள். எந்தச் சிலிண்டர் மந்தம் என்று பார்க்க, எஞ்சின் ஓடும்போதே பிளக் ஒயரை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்ப்பது மெக்கானிக்குகளின் பரம்பரை வித்தை. பழைய அம்பாசிடருக்கும் பியட்டுக்கும் அதில் கெடுதல் இல்லை. கன்வெர்ட்டர் உள்ள காரில், பிடுங்கி வைத்த ஒவ்வொரு நிமிடமும் பச்சைப் பெட்ரோலைச் சூளைக்குள் ஊற்றுவதற்குச் சமம். ஸ்டார்ட் ஆகாத காரை விடாமல் தள்ளிக்கொண்டே போவதும் அப்படித்தான்.

இன்னொரு சிக்கல், நகரத்தை விட்டு வெளியே போனால் ஈயம் கலந்த பெட்ரோல்தான் கிடைத்தது. 2000 பிப்ரவரியில்தான் நாடு முழுவதும் ஈயமில்லாப் பெட்ரோல் வந்தது. இடைப்பட்ட ஐந்து ஆண்டுகளில் ஈயத்தால் செத்த பெட்டிகளும் உண்டு, சூட்டில் உருகிய பெட்டிகளும் உண்டு. இரண்டும் வேறு வேறு நோய். இரண்டுக்கும் சிலர் கண்ட ஒரே வைத்தியம், பெட்டியைக் கழற்றிவிட்டு வெறும் குழாயை வைத்துப் பற்றவைப்பது. கார் நன்றாகத்தான் ஓடும். அதன் விலையைச் சிக்னலில் நிற்பவரின் நுரையீரல் கொடுக்கும்.

அனுபவமுள்ள மெக்கானிக்குகள் மெல்ல நோயறியும் முறையைக் கற்றுக்கொண்டார்கள். அழுகிய முட்டை நாற்றம் வந்தால் பெட்ரோல் அதிகமாகப் போகிறதோ என்று பார்ப்பார்கள். ஆறிய பெட்டியை ரப்பர் சுத்தியலால் தட்டிக் கலகலவென்று சத்தம் கேட்டால் உள்ளே பீங்கான் உடைந்திருக்கிறது. மேம்பாலம் ஏற இழுவை இல்லையென்றால் அடைப்பைச் சந்தேகிப்பார்கள். இன்று தொடாமலே சூட்டை அளக்கும் கருவி இருக்கிறது. காரை நன்றாக ஓட்டி வந்தபின் பெட்டியின் முன்பக்கமும் பின்பக்கமும் அளந்து பார்ப்பார்கள். பின்பக்கம் மிகவும் கூடுதலாக இருந்தால் எரியாத பெட்ரோல் வருகிறது என்று பொருள். வித்தியாசமே இல்லாவிட்டால் பெட்டி செத்திருக்கலாம், ஆனால் அதை மட்டும் வைத்து முடிவு கட்டக்கூடாது. சூட்டுக்கான காரணத்தைப் பிளக், காயில், இன்ஜெக்டர், ஆக்சிஜன் சென்சார் பக்கம் தேட வேண்டும். அதைச் சரிசெய்யாமல் புதுப் பெட்டி போட்டால் அதுவும் உருகும்.

2010க்குப் பிறகு படிப்படியாக வந்த கண்காணிப்புக் கருவி இந்த வேலையின் பாதியைத் தானே செய்கிறது. டாஷ்போர்டில் எஞ்சின் படம் போட்ட மஞ்சள் விளக்கு நிலையாக எரிந்தால் சீக்கிரம் பணிமனைக்குப் போக வேண்டும். விட்டு விட்டு மின்னினால் சிலிண்டரில் தீ பிடிக்கவில்லை, கன்வெர்ட்டர் கருகப்போகிறது என்று பெரும்பாலான கார்களில் அர்த்தம். உடனே வேகத்தைக் குறைத்து ஓரங்கட்டுங்கள். கிராமத்துச் சாலையில் கதிரடிக்கப் பரப்பிய வைக்கோல்மேல் மட்டும் நிறுத்தாதீர்கள். அடியில் சிக்கும் வைக்கோல் தீப்பற்ற அந்தச் சூடு தாராளமாகப் போதும்.